கந்தோருக்கு ஒரு பெட்டி கேக்

இலங்கையில் நத்தார் கேக்கைப் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் இல்லை. 2 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், தீப்பெட்டியைவிடச் சற்றுத் தடித்த ஒரு துண்டு. அதை எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, அதன்மேல் சிவப்போ பச்சையோ மினுங்குகிற கடதாசி சுற்றி, இரண்டு முனையையும் மடித்து ஒட்டிப் பொதியாகக் கையில் கொடுப்போம். கல்யாண வீட்டிலும் இதே கேக்தான், இதே பொதிதான். வாங்கியவர் அங்கேயே பிரித்துச் சாப்பிட வேண்டுமென்று யாரும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், ஒரு மாதம் கழித்தும் எடுத்துச் சாப்பிடலாம்.

உத்தியோகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பொதியின் அருமை எனக்குப் புரிந்தது. வீட்டில் எல்லாரும் ஒரே வேளையில் ஒரே சாப்பாட்டுக்கு இருப்போம். கந்தோரில் ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு நோன்பு, இன்னொருவர் பௌர்ணமிப் போயாவுக்குச் சில் எடுத்திருப்பார். இத்தனை பேருக்கும் ஒரே பலகாரம் போய்ச் சேரவேண்டுமென்றால், அது அவரவர் நாள் வரும்வரை கெடாமல் காத்திருக்க வேண்டும். நத்தார் கேக் காத்திருக்கும்.

எங்கள் வீட்டு அளவுகள் அம்மம்மாவின் பழைய கொப்பியில் இருந்தன. ரவை 1 இறாத்தல், பட்டர் 1 இறாத்தல், சீனி 2 இறாத்தல், முட்டை 25. மஞ்சட் கரு அத்தனையும் போகும். வெள்ளைக் கருவில் பாதியை மட்டும் நுரைக்க அடித்துச் சேர்ப்பார்கள். பிளம்ஸ் என்று நாங்கள் சொல்கிற முந்திரிகை வற்றல், சுல்தானா, கஜு, பேரீச்சம்பழம், பூசணித் தோசி, இஞ்சித் தோசி, சௌசௌத் தோசி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் ரவையைவிடப் பல மடங்கு வரும். கோதுமை மா ஒரு கரண்டிகூட இல்லை. கராம்பு, கறுவா, ஏலம், சாதிக்காய் இடித்த தூள், பன்னீர், தேன், கடைசியில் பிரண்டி.

இது யாழ்ப்பாணத்துக்கே உரிய பலகாரம் என்று சொல்லமாட்டேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி வந்தவர்களின் சமையலும், கறுவாவும் கஜுவும் விளைகிற இந்தத் தீவின் சரக்கும் பறங்கியர் வீட்டுக் குசினிகளில் கலந்து உண்டானது. 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்து வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையற் புத்தகம் இப்படியான பக்குவங்களை மற்ற வீடுகளுக்கும் கொண்டுபோனது. அம்மம்மா அந்தப் புத்தகத்தை ஓர் ஆங்கில ரீச்சரிடம் இரவல் வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டாராம். ஓரங்களில் தன் கையெழுத்திலேயே மாற்றங்கள் குறித்து வைத்திருந்தார். ‘தோசி கூட’ என்று ஓரிடத்தில். ‘சீனி இவ்வளவு வேண்டாம்’ என்று இன்னோரிடத்தில். பிறகு அதையும் வெட்டியிருந்தார்.

நத்தாருக்கு மூன்று நாலு கிழமை முந்தியே வேலை தொடங்கிவிடும். பழம் நறுக்குவதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு முந்திரிகை வற்றலும் மூன்றாக, நாலாக வர வேண்டும். கஜு அதைவிடப் பொடியாக வேண்டும். முழுதாக விட்டால் துண்டு போடும்போது கத்தி அதை இழுத்துக்கொண்டு போகும், விளிம்பு உதிரும். பொதிக்குள் மடிக்க வேண்டிய கேக்குக்கு விளிம்பு முக்கியம். ரவையை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, சூடு ஆறுமுன் பட்டரைப் போட்டுக் கிளறி, மூடி இரவு முழுக்க வைத்துவிடுவார் அம்மா. விடியப் பார்த்தால் ரவை பட்டரை முழுக்கக் குடித்திருக்கும். பொறுமையில்லாமல் உடனே மற்றச் சாமான்களைச் சேர்த்தால், வெந்த பிறகும் பல்லில் நறநறவென்று கடிபடும். முட்டையும் சீனியும் அடிக்கிறது என் வேலை. ஒரு பக்கமாகவே அடிக்கச் சொல்லுவார். தோள் விட்டுப் போகும்வரை அடித்தால் மஞ்சள் வெளிறி, கரண்டியைத் தூக்கும்போது நாடாவாக விழும். அதற்குப் பிறகுதான் ரவை, அதற்குப் பிறகுதான் பழம்.

எங்கள் வீட்டில் மின்னடுப்பு ஒரு காலமும் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியிலிருந்து கொஞ்சத் தூரத்தில், கொழும்புத்துறை வீதிப் பக்கமாக ஒரு பேக்கரி இருந்தது. கேக் வேகிறது அங்கேதான். செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய பெரிய வளைவான போறணை. பின்னேரம் உள்ளே விறகை அடுக்கி எரித்து, கல் நன்றாகக் காய்ந்ததும் தணலை இழுத்துவிட்டு, தளத்தை ஈரச்சாக்கால் துடைத்துப் பாணை உள்ளே தள்ளுவார்கள். பாணுக்குக் கடும் சூடு வேண்டும். கேக்கை அந்த நேரத்தில் வைத்தால் வெளியே கருகி நடுவில் கூழாக நிற்கும். அவ்வளவு சீனியும் பழமும் அதற்குள் இருக்கிறது. பாண் இரண்டு தரம் இறங்கிய பிறகு கல்லில் தங்கியிருக்கிற சூடுதான் கேக்குக்குச் சரி. 150 பாகையைத் தாண்டாமல், நேரம் போகப் போகத் தானாகவே குறைந்துகொண்டு வருகிற சூடு. இரண்டரை, மூன்று மணித்தியாலம் அதற்குள் இருக்க வேண்டும். இன்றைக்கு எவ்வளவோ நல்ல மின்னடுப்புகளில் செய்து பார்த்துவிட்டேன். அப்படித் தணிந்து தணிந்து வேகும் பதம் எதிலும் கிடைக்கவில்லை.

“தங்கச்சி, ரெண்டாம் பாண் இறக்கினாப் பிறகு கொண்டாங்கோ” என்பார் போறணையில் நிற்கிற அண்ணை. அவரிடம் வெப்பமானி கிடையாது. போறணை வாய்க்குள் கையை நீட்டி மனதுக்குள் எண்ணுவார். கையை இழுக்காமல் எவ்வளவுக்கு எண்ண முடிகிறது என்பதுதான் அவருடைய அளவு. எண்ணிக்கை போதாதென்றால், “இன்னும் கொஞ்சம் பொறுங்கோ” என்று வாசலைத் திறந்தபடி விட்டுவிடுவார். எங்களுக்கு முன்னும் பின்னும் நாலைந்து வீட்டுத் தட்டுகள் வரிசையில் இருக்கும். எல்லாத் தட்டுக்கும் உள்ளே எண்ணெய்க் கடதாசி, வெளியே நாலைந்து மடிப்புப் பழைய பேப்பர். எங்களுடையது எதுவென்று தெரிய, அம்மா ஒரு மூலையில் மூன்று கஜுப் பருப்பைப் பதித்துவிடுவார். நீளத் தடியில் பூட்டிய பலகையால் அண்ணை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். பிறகு எல்லா வீட்டுப் பெண்களும் அங்கேயே மாச்சாக்கு அடுக்குகளில் குந்தியிருந்து கதைப்போம். கறுவாவும் பன்னீரும் எங்கள் கதையை மீறிக்கொண்டு வீதிக்குப் போகும்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றும் தட்டுப்பாடு. நான் அரச கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்தது அடுத்த வருடம். வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழியே அம்மா கேட்டார்: “பிள்ளை, கந்தோரில எத்தினை பேர்?”

“இந்த நிலைமையில கேக்கோ அம்மா?”

“பின்னை? கைக்கு ஒரு துண்டெண்டாலும் குடுக்க வேணுமெல்லே.”

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் சமையல் என்று சொல்வேன். பட்டர் கிடைக்கவில்லை, மாஜரின் ஒரு பேணி எங்கிருந்தோ வந்தது. ரவை இல்லாத வருடம் பச்சையரிசியை வறுத்துக் குறுணலாக இடித்துச் சலித்துப் போட்டார். கஜுவின் இடத்துக்குக் கச்சான் வந்தது. வறுத்துத் தோல் நீக்கி, கஜு நறுக்குகிற அதே பக்குவத்தில் நறுக்கினோம். சௌசௌவுக்கும் இஞ்சித் தோசிக்கும் பதிலாகப் பப்பாசிக் காயைச் சிறு கட்டியாக வெட்டி, சுண்ணாம்புத் தண்ணியில் ஊறவைத்துக் கழுவி, சீனிப் பாகில் காய்ச்சி எடுத்தார். பூசணித் தோசியை வீட்டிலேயே செய்தார். நீத்துப் பூசணி எங்கள் ஊரில் தாராளம். எண்ணெய்க் கடதாசிக்குப் பதில் வாட்டிய வாழையிலை. போறணை மட்டும் எப்போதும் போல இருந்தது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

பிரண்டிக்கு வழியே இல்லை. பழத்தை எதில் ஊறவைப்பது? அம்மா தேயிலையை நன்றாகக் கொதிக்கவிட்டு வடித்து, கறுத்த சாயமாக எடுத்து, தேன் ஊற்றி, கறுவாப் பட்டை இரண்டு போட்டு, நறுக்கின பழத்தை அதில் ஊறவைத்தார். ஒரு இரவில் பழம் ஊதிப் பளபளத்தது. சாயத்தின் மெல்லிய கசர் அந்த இனிப்புக்குக் கீழே நின்று நாக்கைப் பிடித்தது. நிறமும் ஆழமாக வந்தது. தட்டுப்பாட்டினால் வந்த மற்ற மாற்றங்கள் எல்லாம் சாமான் கிடைக்கத் தொடங்கியதும் போய்விட்டன. தேயிலைச் சாயம் மட்டும் இன்றுவரை நிற்கிறது. ஏன் நின்றது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கந்தோரில் பெரும்பாலானவர்கள் சைவர்கள். எங்கள் பிரதம லிகிதர் திருநீறு இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டார். கார்த்திகை விளக்கீடு கழிந்த மறுநாள் தொடங்கி மார்கழிச் சட்டிவரை 21 நாள் பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடிப்பவர். அது முடிய, சில வருடம் மூச்சுவிட நேரமில்லாமல் திருவெம்பாவை தொடங்கிவிடும். நத்தார் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுக்குள் வந்து விழும். முட்டை போட்ட கேக்கை அந்த நாளில் அவரிடம் நீட்டுவது எப்படி? கொடுக்காமல் விட்டால் அவர் ஒருவரைத் தவிர்த்தது போலாகிவிடும். நான் மேசையோரத்தில் பொதியோடு நின்றேன்.

அவர் கோப்பிலிருந்து தலை நிமிர்த்தினார். “நத்தார் பலகாரமோ பிள்ளை? இதிலை முட்டை இருக்குமெல்லே.”

“ஓம் ஐயா. ஆனால் இது பழுதாகாது. ஒரு மாசம் வைச்சிருக்கலாம்.”

“அப்ப சரி. விரதம் முடியப் பாப்பம்” என்று பொதியை வாங்கி, மேசை லாச்சிக்குள் முத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, “உம்முடைய கேக்கை இண்டைக்குத்தான் பிரிச்சனான். வீட்டை கொண்டுபோய் நாலு பங்கு வைச்சம். அம்மாட்டைச் சொல்லும், நல்ல பக்குவம்” என்றார். அவ்வளவு சின்னத் துண்டில் நாலு பங்கு. அம்மாவிடம் சொன்னேன். அடுத்த மார்கழியில் அவர் வீட்டுக்கென்று நாலு பொதி தனியாக வைத்தார். அன்றிலிருந்து அம்மாவிடம் ஒரு பட்டியல் இருந்தது. யாருக்கு எப்போது விரதம் முடிகிறது, யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்குப் பல் இல்லை, யாருடைய தாய் படுக்கையில். நான் கந்தோர்க் கதையாகச் சொன்னவற்றையெல்லாம் அவர் அந்தப் பட்டியலுக்குள் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதைப் பார்த்தபோதுதான் தெரியும்.

கேக் ஏன் இத்தனை நாள் நிற்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பிரண்டிதான் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. சாயம் போட்ட எங்கள் கேக்கும் அதே அளவு நாள் நின்றது. சீனியும் தோசியும் வற்றலும் ஈரத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும்போது பூஞ்சணம் பிடிக்க அதற்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. கராம்பும் கறுவாவும் தங்கள் பங்குக்கு உதவும். வெந்த அன்றே சாப்பிட்டால் ஒவ்வொரு வாசமும் தனித்தனியாக நிற்கும். இரண்டு கிழமை கழிந்தால் ரவை பாகை இழுத்து மெத்தென்றாகி, எல்லாம் ஒன்றாகிவிடும். விரதம் முடித்துச் சாப்பிட்ட பிரதம லிகிதருக்குத்தான் எங்கள் எல்லாரையும்விட நல்ல கேக் கிடைத்தது.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. அந்த நத்தாருக்கு நாங்கள் தென்மராட்சியில், சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தோம். கேக் இல்லை. கந்தோரில் என்னோடு வேலை செய்த சைவப் பிள்ளை ஒருத்தி சைக்கிளில் தேடிக்கொண்டு வந்து, ஓலைப்பெட்டியில் கொழுக்கட்டையும் ஒரு குட்டான் பனங்கட்டியும் அம்மாவின் கையில் கொடுத்தாள். “அன்ரி, இந்த முறை நாங்கள்” என்றாள். அவர்களும் இடம்பெயர்ந்துதான் இருந்தார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

1996 சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பத் தொடங்கியது. நாங்களும் திரும்பினோம். அடுத்த வருடம் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. கோட்டையில் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவு. வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் எடுத்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவுக்கு அம்மாவை முதன்முதல் கூட்டிப்போன நாள் மறக்காது. சாக்குச் சாக்காகச் சுல்தானா, மலையாகக் கஜு, பெட்டி பெட்டியாகத் தோசி. அம்மா ஒரு கடையில் கஜுவைக் கையில் அள்ளி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விலையைப் பேசிக் கால் இறாத்தல் குறைத்துத்தான் வாங்கினார். பிரண்டி வாங்கவில்லை. “சாயம் காணும்” என்றார்.

கோட்டைக்குள் கேக் கொண்டுபோவது அப்போது லேசான காரியமில்லை. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு, உள்ளே போகிற ஒவ்வொரு பையும் திறக்கப்பட்டது. தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு, மினுங்கும் கடதாசியில் சுற்றிய பொதிகள் நிறைந்த பெட்டி. சோதனைச் சாவடியில் நின்ற இளம் இராணுவ வீரர் ஒரு பொதியை எடுத்து ஒட்டை மெதுவாகப் பிரித்தார். மணந்து பார்த்தார். “நத்தல் கேக்” என்றார். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து, விரலால் அழுத்தி, வைத்த இடத்தில் வைத்துப் பெட்டியை மூடித் தந்தார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன், வேலை நேரம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

தேயிலைச் சாயம் ஏன் நின்றது என்ற கதை இங்கேதான் வருகிறது. எங்கள் கந்தோரில் தபால் பகுதியைப் பார்த்தவர் புத்தளத்தைச் சேர்ந்த ஒரு நானா. ஹிஜ்ரி வருடம் ஆங்கில வருடத்தைவிடப் பதினொரு நாளளவு குறைவு என்பதால் ரமழான் மாதம் வருடா வருடம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 1998இலிருந்து 2000 வரை மூன்று நத்தாரும் ரமழானுக்குள்ளேயே விழுந்தன. 1998 மார்கழியில் பொதியைக் கொண்டுபோனபோது, கேட்கிற சங்கடத்தை அவருக்கு வைக்காமல் நானே சொன்னேன்: “நானா, இதில பிரண்டி இல்ல. தேயிலைச் சாயத்திலதான் பழம் ஊறினது. வனிலாவும் போடல்ல, ஏலமும் பன்னீரும்தான்.” வனிலா எசன்ஸில் மதுசாரம் உண்டென்று அம்மா எங்கேயோ கேட்டு அதையும் அந்த வருடம் நிறுத்தியிருந்தார்.

நானா பொதியை இரண்டு கையாலும் வாங்கினார். “புள்ள, இத்தின வருஷம் எல்லா ஒபீஸிலயும் நத்தாருக்குக் கேக் தருவாங்க. வாங்கி யாருக்காச்சும் குடுத்துருவன். தின்ன ஏலா எண்டு சொல்ல மனசு வராது” என்றார். அன்று பின்னேரம் இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளிவாசலில் பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் நோன்பு திறந்து, தொழுது, அதற்குப் பிறகு கேக்கைச் சாப்பிட்டதாக மறுநாள் வந்து சொன்னார். வீட்டில் பெண்சாதி கேட்டாராம், சாயத்தில் ஊறவைத்தால் இவ்வளவு கறுப்பு வருமா என்று. அம்மாவுக்கு அந்தக் கேள்வியில் பெரிய சந்தோஷம். சாயம் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டுமென்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார்.

என் மேசைக்கு எதிர்மேசையில் இருந்தவள் களனியிலிருந்து வரும் சிங்களத் தோழி. அவளுடைய தாய் ஒவ்வொரு போயாவுக்கும் வெள்ளை உடுத்துப் பன்சலைக்குப் போய்ச் சில் எடுப்பவர். மார்கழியில் வருவது உந்துவப் போயா. சங்கமித்தை அரச மரக் கிளையோடு வந்ததை நினைக்கும் நாள். சில் எடுத்தால் நடுப்பகலுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. சில் இல்லாத நாளிலும் அந்தத் தாய் மது சேர்ந்த எதையும் தொடமாட்டார். ஐந்தாம் சீலம் அவருக்குக் கேக்குக்கும் பொருந்தும். கடையில் விற்கிற நத்தார் கேக்கை அவர் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. எங்கள் கேக்கைச் சாப்பிட்டார். போயாவுக்கு மறுநாள் காலைத் தேத்தண்ணியோடு. அதன்பிறகு அவருக்கென்று வருடா வருடம் ஒரு பொதி அம்மாவின் பட்டியலில் ஏறியது. தடை நாளில் வேறு வழியில்லாமல் கொதிக்கவைத்த சாயம் இப்படி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்துகொண்டு போனது. அம்மா பிறகு பிரண்டிப் பக்கம் திரும்பவேயில்லை.

பதிலுக்கு வந்தவற்றைச் சொல்லாமல் விட்டால் கணக்குத் தப்பும். பெருநாளைக்கு வட்டிலப்பம், சித்திரை வருடத்துக்குக் கொக்கிஸும் பணியாரமும், தீபாவளிக்கு முறுக்கு. எங்கள் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் என் பங்குச் சாப்பாட்டில் இறைச்சி வராமல் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

2006 ஐப்பசியில் அம்மா போய்விட்டார். சாவு விழுந்த வீட்டில் ஆட்டைத் திவசம் முடியும்வரை பலகாரத்துக்கு அடுப்பு மூட்டுவதில்லை. கிறிஸ்தவர்களான நாங்களும் இந்த வழக்கத்தை விட்டதில்லை. மார்கழி வந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பிரிவுச் சைவப் பிள்ளை ஒருத்தி ஒரு மூலையில் குந்தி எதையோ நறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். என்னைக் கண்டதும் மூடினாள். அவள் திருவெம்பாவை விரதக்காரி, முட்டை தொடாதவள். பழத்தை மட்டும் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். கஜு புத்தளத்திலிருந்து வந்தது. நானா ஓய்வுபெற்றுப் போயிருந்தார், மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கேக்கை வேகவைத்தவள் களனித் தோழி. சில வருடங்களுக்கு முன் என்னிடம் கேட்டு அவள் சிங்களத்தில் எழுதி வைத்திருந்த குறிப்பு இருந்தது. சாயம் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்பதற்கு நானா வீட்டில் பத்திரமாக இருந்த அம்மாவின் துண்டுக் கடதாசியின் பிரதி வந்திருந்தது.

நத்தாருக்கு முதல் வேலைநாள் என் மேசையில் ஒரு பிஸ்கட் பேணி இருந்தது. உள்ளே எண்ணெய்க் கடதாசி, பச்சை மினுங்கல் கடதாசி, இரண்டு முனையும் மடித்து ஒட்டி, அளவு தவறாமல் 2 அங்குலத்துக்கு ஒன்றரை. அம்மாவின் வழமைப்படி கந்தோர் முழுக்க நான்தான் கொடுக்க வேண்டுமென்று தோழி பிடிவாதமாக நின்றாள். கொடுத்தேன். ஒவ்வொரு மேசையிலும் அம்மாவைப் பற்றி ஒரு வசனம் சொன்னார்கள். அவரை நேரில் கண்டவர்கள் அதில் மிகக் கொஞ்சப் பேர்.

என் பொதியை எல்லாருக்கும் முன்னால் பிரித்துச் சாப்பிட்டேன். ரவை சரியாக ஊறியிருந்தது. விளிம்பு உதிரவில்லை. “எப்படி?” என்று தோழி கேட்டாள். கராம்பு கொஞ்சம் தூக்கல், பாதி போதும், பூசணித் தோசி இன்னும் போடலாம் என்றேன். அப்போதே கொப்பியை எடுத்துக் குறித்துக்கொண்டாள். அடுத்த வருடத்திலிருந்து களனியில் அவளுடைய வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்கிறோம். அடிப்பதும் வேகவைப்பதும் அவள். பழமும் சாயமும் பொதி கட்டுவதும் நான். பட்டியலையும் நான்தான் எழுதுகிறேன். இப்போது அதில் சீனி வருத்தக்காரர் கூடிவிட்டார்கள். அவர்களுக்குப் பாதித் துண்டுப் பொதி. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முழுத் துண்டு.